ஆறாவது துண்டு

மனித உடம்புக்கு உள்ளே என்ன நிறம் என்று என்னைக் கேட்டால் ரோஜா நிறம் என்பேன். நடுநடுவே கொஞ்சம் கத்திரிப்பூ. திசுவுக்குச் சாயம் ஏற்றினால் செல்லின் உடல் ரோஜாவாகவும் அதன் கரு கத்திரிப்பூவாகவும் வரும். உலகம் முழுக்க நூறு வருடத்துக்கும் மேலாக இதே இரண்டு சாயம்தான். அந்த இரண்டு நிறங்களைப் பார்த்தே சம்பளம் வாங்கி, வீடு கட்டி, தலையும் நரைத்தவள் நான். தூத்துக்குடியில் கடல் கிழக்கே இருப்பதால் கடற்கரைக்குப் போனாலும் அஸ்தமனம் பார்க்கக் கிடைக்காது. எனக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை. காலையில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அஸ்தமனம்தான்.

எங்கள் ஆய்வகத்துக்கு நாளைக்கண்ணாடி வந்த பிறகு அந்த அஸ்தமனம் நகரவும் தொடங்கியது. கருவியின் உண்மைப் பெயர் ஒரு முழ நீளம், யாரும் சொல்வதில்லை. உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த திசு செத்த திசுதான். அதை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்க்கிறோம். நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு கணத்தை. நாளைக்கண்ணாடி அந்தக் கணத்திலிருந்து கிளம்பும். ஒவ்வொரு செல்லாகப் படித்து, இது இனி என்ன செய்யும், பக்கத்துச் செல் அதை என்ன செய்யவிடும் என்று கணித்து, திரையில் வளர்த்துக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் ஒரு வருடம் ஓடும்.

நல்ல திசு ஓடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். ஓரத்துச் செல்கள் உதிரும், அடியிலிருந்து புதியவை ஏறி வரும், மறுபடி உதிரும். பார்த்துக்கொண்டே இருந்தால் இமை கனக்கும். கெட்ட திசு அதைவிட அழகு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது வரிசையை மறந்து, கிளை விட்டு, இருக்கக் கூடாத இடங்களில் எல்லாம் கத்திரிப்பூவாகப் பூத்துக்கொண்டு போகும்போது, அது யாரோ ஒருவருடைய வயிறு என்பது எனக்கு மறந்துபோகும்.

நான் பார்த்ததை எழுதி அனுப்புவேன். மாநிலச் சிகிச்சைக் குழு அதைப் படிக்கும். கண்ணாடியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடினால் அறுவை சிகிச்சை. அதற்குள் திரை இருட்டிவிட்டால், அதாவது ஆள் இறந்துவிடுவார் என்று காட்டினால், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து மட்டும். நடுவில் இருப்பதற்குப் பெயர் ஓராண்டுக் கோடு. அறுவை அரங்குகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம், அதனால் அப்படி ஒரு கோடு வேண்டும் என்று சொன்னார்கள். நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

அன்று மதியம் இசக்கியப்பன் கதவைத் தட்டினார். எங்கள் தலைமை டெக்னீஷியன் அவர், திசுவைச் சீவுவதும் சாயம் ஏற்றுவதும் அவர் பொறுப்பு.

"மேடம், வெளிய ஒரு பொம்பள நிக்காவ. போகச் சொன்னா போவ மாட்டேங்காவ."

"நாம யாரையும் பாக்கிறதில்லைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்போ யாருதான் பாப்பாவன்னு கேக்காவ. எனக்குப் பதில் தெரியல."

திசு மருத்துவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. எங்களுக்குத் துண்டு வரும், எண் வரும், அவ்வளவுதான். முகம் தெரிந்தால் கண் தடுமாறும் என்பது எங்கள் நம்பிக்கை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். ஆனால் இசக்கியப்பன் கதவைச் சாத்துவதற்குள் அந்தப் பெண் உள்ளே வந்துவிட்டாள். பெயர் ஜெனிட்டா. கணவர் ரெமிஜியுஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரைப்பையில் ஆழமான புண், இரண்டு முறை ரத்த வாந்தி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தும் ஆயிற்று. பிறகு எங்கள் அறிக்கை போனது, குறித்த நாளையும் ரத்து செய்துவிட்டார்கள்.

"ஒம்பது மாசம்னு எழுதியிருக்கீங்களாம்" என்றாள். "நீங்கதான?"

"கண்ணாடியில தெரிஞ்சத எழுதினேன்மா."

"என்ன தெரிஞ்சுது?"

இப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "உங்க வீட்டுக்காரர் வயித்துலேர்ந்து எடுத்த சதையில புற்று இருக்கு. அத ஓடவிட்டுப் பாத்தா ஒம்பதாவது மாசம் எல்லாம் இருட்டிடுது" என்றேன்.

"அவியள ஒரு தரமாவது பாத்திருக்கீங்களா? பொட்டுண்டு சதையப் பாத்துட்டு முழு ஆளுக்கும் நாள் குறிப்பீங்களோ?"

எனக்குக் கோபம் வந்தது. படித்த படிப்பை இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒருத்தி கேள்வி கேட்டால் யாருக்கும் வரும். "கண்ணாடி இதுவரைக்கும் தப்பினதே இல்ல" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அப்போ இன்னொரு தரம் பாருங்க. தப்பாத சாமான்தான, திருப்பிப் பாத்தா தேஞ்சா போவும்? புண்ண அறுக்கலன்னா ரத்தம் கக்கியே போயிருவாவன்னு ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லுதாவ. நான் வெளிய உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளை அனுப்பிவைப்பதற்காகத்தான் ரெமிஜியுஸின் தகட்டை மறுபடி எடுத்தேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை.

தகட்டில் ஆறு துண்டுகள். ஒவ்வொன்றும் எள்ளளவு. ஐந்தில் புண்ணின் வீக்கம் மட்டுமே இருந்தது. ஆறாவதில்தான் புற்று. போன வாரம் நான் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அவ்வளவு நிதானமாகக் கிளை விட்ட திசுவை நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. ஆறில் ஒன்றில் மட்டும் புற்று இருப்பது சாதாரணம், புற்று வயிறு முழுக்கப் பரவியா இருக்கும்? அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணாடியும் எந்தத் துண்டு முதலில் இருட்டுகிறதோ அதைத்தான் கணக்கில் எடுக்கும்.

இந்த முறை கண்ணாடிக்குப் போகாமல் பழைய மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஐந்து துண்டுகளும் துல்லியமாகத் தெரிந்தன. ஆறாவது மங்கல். திருகைத் திருப்பினேன். ஆறாவது தெளிந்தது, ஐந்தும் மங்கின. மறுபடி திருப்பினேன், அதே கதை. ஒரே மெழுகிலிருந்து சீவியிருந்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இது கொஞ்சம் மேலே, மற்றவற்றைத் தொடாமல் மிதந்துகொண்டிருந்தது.

"இசக்கியப்பன், இந்த மெழுகுக் கட்டியிலேர்ந்து இன்னொரு சீவல் எடுங்க" என்றேன்.

எடுத்துவந்தார். அதில் ஐந்தே துண்டுகள்.

இசக்கியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் முன்னால் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"தண்ணியில கிடந்து வந்திருக்கு" என்றார்.

சீவிய மெழுகு சுருளும். அதை விரிக்க வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிடுவோம். பூப்போல விரிந்ததும் அடியில் தகட்டைக் கொடுத்து ஏந்தி எடுப்போம். ஒருவருடைய திசு முடிந்ததும் தண்ணீரின் மேல்பரப்பைக் காகிதத்தால் வழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய துணுக்கு மிதந்தபடி இருந்து அடுத்தவர் தகட்டில் ஏறிக்கொள்ளும். எந்த ஊர் ஆய்வகத்திலும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார்கள்.

"வழிக்கலயா?"

"வழிக்காம இருப்பேனா மேடம்? மெஷின்ல புது நம்பர் போட்டா பெல் அடிக்கும், உடனே வழிச்சிருவேன். ஆனா அன்னிக்கு..." அவர் தயங்கினார். "நம்ம ஆளுக சாம்பிள் மூணு இருந்துது."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் யாருக்காவது கட்டியோ புண்ணோ வந்தால் சொந்தப் பெயரில் கொடுப்பதில்லை. மனதுக்குத் தோன்றிய பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுவோம். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டோம். ஊர் உலகத்துக்கெல்லாம் நாள் குறித்துக்கொடுக்கிற எங்களுக்கு, எங்களுடைய நாள் டீ குடிக்கிற இடத்தில் பேச்சாகிவிடுமோ என்று பயம். அந்தத் துண்டுகளை வரிசையில் சேர்க்காமல் நடுவில் நுழைத்துச் சீவுவார் இசக்கியப்பன். அவற்றுக்கு எண் கிடையாது. எண் இல்லாவிட்டால் மணியும் அடிக்காது. கண்ணாடியிலும் அவற்றை ஓட்டுவதில்லை.

"மூணையும் சீவி முடிச்ச கையோட இந்த கிரேன்காரர எடுத்தேன்" என்றார் இசக்கியப்பன். "எடுத்த வேகத்துல இவரு நம்பரப் பிறகுதான் மெஷின்ல போட்டேன், பெல் அடிக்கும்போது இவரு சீவல் ஏற்கெனவே தண்ணிக்குள்ள கிடந்துது. அதுக்கப்புறம் எங்கிட்டு வழிக்க?"

"துண்டு யாரோடதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றேன். ஒரு துண்டு நோயாளியுடையது அல்ல என்று நாங்கள் எழுதினால் மட்டும் குழு ஏற்காது. அது யாருடையது என்றும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய அறிக்கையே நிற்கும். மூன்று பெயர்களின் மெழுகுக் கட்டிகளோடும் மரபணுவை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

"ஒரு மணி நேரத்துல சொல்லிருதேன்" என்று அவர் போனார்.

அந்த மூன்று பெயர்களில் ஒன்று என்னுடையது. தங்கபுஷ்பம். பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தியின் பெயர், அப்போதே எனக்கு அதன்மேல் ஆசை. ரொம்ப நாளாக நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்ததால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, துண்டு எடுத்துக் கொடுத்திருந்தேன். சக மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்து, வெறும் அழற்சி, பயப்பட ஒன்றுமில்லை என்று தங்கபுஷ்பத்துக்கு எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் நான் நிம்மதியாக ஒரு பிளேட் பஜ்ஜி சாப்பிட்டேன்.

காத்திருந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆறாவது துண்டை மட்டும் கண்ணாடியில் ஓடவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன, காற்று நின்றிருந்தது. திரையில் முதல் மாதம் போனது, இரண்டாவது போனது. சுரப்பிகள் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு போவதுபோல நீண்டன. ரோஜா வயலுக்குள் கத்திரிப்பூ ஓடைகள் இறங்கின. நான் அந்த ஓடைகளின் கரையில் நடந்து போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கேயோ ரொம்ப தூரத்தில் யாரோ பேசுகிற குரல், என்ன என்று விளங்கவில்லை, ஆனால் தெரிந்த குரல். எத்தனையோ பேருடைய உடம்புக்குள் இப்படி நடந்திருக்கிறேன், செருப்பைக்கூடக் கழற்றாமல். ஐந்தாவது மாதத்தில் ஓடைகள் ஆறாயின. எட்டாவதில் கரைகள் இல்லை. பிறகு மெல்ல, விளக்கைத் தணிப்பதுபோல, இருட்டியது. என் வலது கை என் வயிற்றின் மேல் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இசக்கியப்பன் வந்து வாசலிலேயே நின்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"ஆள் கிடைச்சாச்சு மேடம். கிரேன்காரரு தப்பிச்சாரு. துண்டு தங்கபுஷ்பத்தோடது."

புற்று இருந்த துணுக்கு என் தகட்டில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிட்டிருக்கிறது, அதனால்தான் அந்த மருத்துவருக்கு வெறும் அழற்சி தெரிந்தது.

"நம்மள்ல யாருன்னு தெரியல" என்று குரலைத் தணித்தார். "யாரா இருந்தாலும் பாவம். ஒம்பது மாசம், கோட்டுக்குக் கீழ."

எனக்குப் பயமாக இருந்தது. இதை எவ்வளவு சுற்றிச் சொன்னாலும் பயம்தான். எழுந்து ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. எங்கே ஓடுவது என்று யோசித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இசக்கியப்பன், கண்ணாடி என்னைக்காவது தப்பியிருக்கா?"

"ஒரு தரம்கூட இல்ல மேடம். நாமதான எல்லாரையும் கடைசி வரைக்கும் விசாரிச்சு எழுதுதோம்? சொன்ன மாசத்துல போயிருதாவ."

"கோட்டுக்குக் கீழ வந்த யாருக்காவது ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா?"

"அதெப்படிப் பண்ணுவாவ? அதுக்குத்தான கோடு?"

"பண்ணாம விட்டா என்ன ஆகும்னுதான் கண்ணாடி காட்டுது. நாம பண்ணாம விடுறோம். அப்புறம் எப்படித் தப்பும்?"

அவர் ரெமிஜியுஸின் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ இந்தக் கிரேன்காரரு..."

"புண்ண அறுக்காம விட்டிருந்தா ரத்தம் கக்கிச் செத்திருப்பாரு. ஒம்பது மாசம் முன்னப்பின்ன. கண்ணாடி சரியாச் சொல்லிச்சுன்னு நாமளே எழுதி வச்சிருப்போம். ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காது."

"மேடம்" என்றார் இசக்கியப்பன். "எத்தன பேரு மேடம்?"

எனக்குத் தெரியாது. கண்ணாடி காட்டியதைக் கோடு முடித்துவைத்தது, நடுவில் என் கையெழுத்து. அவர்கள் எல்லோருக்கும் அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேர் பிழைத்திருக்கலாம், பத்தில் ஒருவர் பிழைத்திருக்கலாம். பார்க்கவே இல்லை, அதுதான் விஷயம். என் கண் தடுமாறக் கூடாது என்று முகம் பார்க்காமல் இருந்தேனே, அவ்வளவு சுத்தமான கண்ணுக்கு இது தெரியவில்லை.

ரெமிஜியுஸின் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். ஆறாவது துண்டு வேறொருவருடையது, பெயர் தங்கபுஷ்பம், ஒப்பீடு இணைப்பில், புண்ணுக்கு உடனே அறுவை தேவை. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை.

மீதி இருந்தது தங்கபுஷ்பம். அப்படி ஒருத்தி கிடையாது. குழு அவளுக்குக் கடிதம் போடும், பதில் வராது, கோட்டுக்குக் கீழே ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு மறந்துவிடும். நான் லீவு போட்டுவிட்டு, கண்ணாடி இல்லாத வேறொரு மாநிலத்தில், என் சொந்தப் பெயரில் துண்டு எடுத்து, ஒரு பழைய மைக்ரோஸ்கோப் டாக்டரிடம் காட்டலாம். புற்று என்பார், அறுத்துவிடுவார்கள். பிழைத்து வந்து இதே நாற்காலியில் உட்காரலாம். கோடும் இங்கேயே இருக்கும். இந்த யோசனை முழுதாக, ஓட்டை இல்லாமல், சில நிமிடங்களில் எனக்கு வந்துவிட்டது. தன் உயிர் என்றால் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாகிவிடுகிறது.

வராந்தாவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் ஜெனிட்டா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். "நான் சொன்னேம்லா, நான் சொன்னேம்லா" என்று பெஞ்சுக்கும் சுவருக்கும்கூடச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அவளுக்கு அது தோன்றியது.

"அப்போ அந்தத் துண்டு யாருது டாக்டரம்மா?"

"வேற ஒரு அம்மாவோடது."

"ஐயோ மாதாவே" என்றாள். சற்று முன் சிரித்ததற்காக வெட்கப்பட்டவள் மாதிரி இருந்தது. "அவியளுக்குச் சொல்லியாச்சா?"

"இப்பதான் தெரிஞ்சுது."

"அழுதாவளா?"

"இன்னும் இல்ல."

"ஆபரேஷன் பண்ணுவாவல்லா?"

"கோட்டுக்குக் கீழ இருக்காங்க. விதிப்படி கிடையாது."

"என்ன பெரிய விதி!" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நான் வந்து கத்தலன்னா எங்க அவியளுக்கும் இந்த விதிதான? அந்த அம்மாவுக்கு வந்து கத்த ஆளு இல்லயா?"

"தெரியல."

"இல்லன்னா நான் வாரேன். எனக்குக் கத்தத் தெரியும், நீங்கதான் பாத்தீங்களே. நாளைக்கு அவிய ஆபரேஷன் முடிஞ்சதும் மாதா கோயிலுக்குப் போவேன், அந்த அம்மாவுக்கும் சேத்து மெழுகுதிரி பத்த வைக்கேன். பேரு சொல்லுங்க. பேரு தெரியாம எப்படி வேண்ட?"

எங்கள் அறிக்கையில் கையெழுத்துக்குக் கீழே மருத்துவரின் எண் மட்டுமே இருக்கும், என் பெயர் அவளுக்குத் தெரியாது. அந்த வராந்தாவில் யாரும் என்னை மேடம், டாக்டரம்மா என்பதற்கு மேல் கூப்பிட்டதும் இல்லை. தங்கபுஷ்பம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், இல்லாத ஒருத்திக்கு ஒரு மெழுகுதிரி எரிந்திருக்கும். சொல்லிவிட்டு நான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கலாம். சொந்தப் பெயரைச் சொன்னால் இசக்கியப்பன் காதில் விழும், நாளைக்குக் குழுவின் மேஜைக்குப் போகும், கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டு அந்தக் கோட்டோடு சண்டை போட வேண்டியவள் நானாகிவிடுவேன்.

"செண்பகவல்லி" என்றேன்.

உள்ளே இசக்கியப்பன் கையிலிருந்த தகட்டுத் தட்டை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"செண்பகவல்லி" என்று ஜெனிட்டா மறந்துவிடாமல் இருக்க ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வயசானவியளா?"

"நாப்பத்தெட்டு."

"சாவுற வயசா அது?" என்று என்னிடமே கோபப்பட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.